"சும்மா ஓகேதானே போட்டேன்?" – இணைய வணிகத் தொடர்பில் சட்டமும் நெறியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வழக்கறிஞர் இல்லை. வியாபாரிகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் கடிதம், ஒப்பந்த வரைவு, வாடிக்கையாளர் அறிவிப்பு எழுதிக்கொடுப்பதும் திருத்திக்கொடுப்பதும் என் தொழில். வேலை முடிந்து கிளம்பும்போது வாசலில் நின்று "இன்னொரு சின்ன சந்தேகம்" என்பார்கள். வந்த வேலையைவிட அந்தச் சின்ன சந்தேகம்தான் பெரிதாக இருக்கும். திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள் வந்ததால், கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்துவிட்டேன்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே சிக்கல். போனில் தட்டும்போது பேசுகிற நினைப்பில் தட்டுகிறோம். தகராறு வந்த அன்று அதையே எழுத்தாக எடுத்து வைத்துப் படிக்கிறார்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் எந்த நாட்டு விதி என்பதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன். பெரிய தொகை மாட்டியிருந்தால் இதைப் படித்துவிட்டு நேரே ஒரு வழக்கறிஞரிடம் போய்விடுங்கள்.

1. வாட்ஸ்அப்ல "சரி, அனுப்புங்க"ன்னு போட்டேன். பேப்பர் இல்ல, கையெழுத்து இல்ல. இது ஒப்பந்தமா சார்?

பெரும்பாலும் ஆமாம். இன்ன சரக்கு, இன்ன விலை, இன்ன தேதி என்று ஒருவர் சொல்ல, மற்றவர் அதை அப்படியே ஒத்துக்கொண்டால் ஒப்பந்தம் பிறந்துவிடுகிறது. அது தாளில் நடந்ததா திரையில் நடந்ததா என்பது அப்புறம். மின்னணு வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு செய்தியைச் செல்லாது என்று ஒதுக்கக் கூடாது என 1996-இல் ஐ.நா.வின் பன்னாட்டு வணிகச் சட்ட ஆணையம் ஒரு மாதிரிச் சட்டம் வகுத்தது. அதைப் பார்த்துத்தான் பல நாடுகள் தங்கள் சட்டத்தை எழுதின. இந்தியாவின் 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் இலங்கையின் 2006-ஆம் ஆண்டு மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டமும் அந்த வரிசையில் வந்தவை.

2010-இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்த ட்ரைமெக்ஸ் – வேதாந்தா வழக்கு இதற்கு நல்ல உதாரணம். பாக்சைட் தாது வாங்கும் வியாபாரம், பேரம் நடந்தது மின்னஞ்சலில். பிறகு ஒரு தரப்பு, "முறையான பத்திரம் கையெழுத்தாகவே இல்லையே" என்றது. முக்கியமான அம்சங்கள் அனைத்திலும் மின்னஞ்சலிலேயே உடன்பாடு வந்துவிட்டது, பத்திரம் பின்னால் எழுதுவதாக இருந்தாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்றது நீதிமன்றம். உயில் எழுதுவது, நிலம் விற்பது போன்றவற்றுக்குப் பல நாடுகளில் தனி விதி உண்டு. சரக்கு வாங்கி விற்பதற்கு அந்தச் சலுகை கிடையாது.

2. நான் வார்த்தையே எழுதல. வெறும் கட்டைவிரல் படம்தான் போட்டேன். அதுக்குமா?

அதற்கும்தான். கனடாவின் சாஸ்காட்செவன் மாகாணத்தில் ஒரு தானியக் கொள்முதல் நிறுவனம் 2021 மார்ச்சில் ஒரு விவசாயியிடம் ஆளி விதை வாங்கப் பேசியது. புஷல் 17 டாலர், நவம்பரில் சரக்கு. நிறுவனத்தின் ஆள் ஒப்பந்தத் தாளில் தான் கையெழுத்திட்டு, அதைப் படம் பிடித்து, "ஆளி விதை ஒப்பந்தத்தை உறுதிப்படுத்தவும்" என்று எழுதி போனுக்கு அனுப்பினார். விவசாயி ஒரு கட்டைவிரலைத் தட்டிவிட்டார். நவம்பருக்குள் விலை 41 டாலருக்குப் போய்விட்டது, சரக்கு வரவில்லை. "தாள் கிடைத்தது என்றுதான் விரலைக் காட்டினேன், ஒத்துக்கொள்ளவில்லை" என்பது விவசாயியின் வாதம். 2023-இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சுமார் 82,200 கனடிய டாலர் தரச் சொன்னது. 2024-இல் மேல்முறையீடும் தோற்றது.

விரலைவிட இதில் முக்கியமானது, அதற்கு முன்னால் நடந்த வியாபாரங்கள். அதே இருவருக்கும் இடையில் முன்பு இதே மாதிரி தாள் வந்தபோது விவசாயி "ஓகே", "ஆமா" என்று ஒற்றை வார்த்தையில் பதில் போட்டு, சரக்கையும் ஒழுங்காக அனுப்பியிருக்கிறார். அவருடைய "ஆமா"வுக்கு என்ன பொருள் என்பதை அவருடைய பழக்கமே சொல்லிவிட்டது. முன்பின் தெரியாத ஒருவருக்கு நீங்கள் போட்ட விரலும், ஐந்து வருடமாகச் சரக்கு அனுப்பும் பார்ட்டிக்குப் போட்ட விரலும் ஒன்றல்ல. கிடைத்தது என்று மட்டும் சொல்ல வேண்டுமானால் "கிடைத்தது, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று எழுதுங்கள். ஐந்து விநாடி வேலை.

3. மெயில் அடியில என் பேரும் பதவியும் தானா வருது. அதைக் கையெழுத்துன்னு சொல்லுவாங்களா?

சொல்லியிருக்கிறார்கள். 2006-இல் ஓர் ஆங்கிலேய நீதிமன்றம், மெயிலின் தலைப்பகுதியில் தானாகப் பதிவாகும் அனுப்புநர் முகவரி கையெழுத்தாகாது என்றது. 2019-இல் இங்கிலாந்திலேயே இன்னொரு வழக்கு: ஒரு நிலத் தகராறில் சமரசம் பேசிய வழக்கறிஞரின் மெயிலுக்கு அடியில் பெயர், பதவி, தொடர்பு விவரம் எல்லாம் தானாக வந்து விழுந்திருந்தன. அதுவே கையெழுத்து என்று தீர்ப்பானது. தானாக வந்தாலும், அப்படி வரும்படி ஒருவர் உட்கார்ந்து அமைத்திருக்கிறார் அல்லவா என்பது அதன் தர்க்கம். முகவரி மெயிலை ஓட்டிச்செல்லும் வண்டி மாதிரி; அடியில் வரும் பெயர் அனுப்பியவர் தன்னைச் சேர்த்துக்கொண்டதற்கான அடையாளம்.

4. அப்போ பேரமே பேச முடியாதே! ஒவ்வொரு வார்த்தைக்கும் பயந்தா எப்படி வியாபாரம் பண்றது?

பயப்பட வேண்டாம், முதலிலேயே வேலி போட்டுவிடுங்கள். "இது பேச்சுவார்த்தை மட்டுமே. இரு தரப்பும் இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் வரை யாரையும் கட்டுப்படுத்தாது" என்ற வரி முதல் மெயிலில் இருக்கட்டும். பேரம் படிந்த பிறகு போட்டால் பயன் குறைவு. அந்த வரியைப் போட்டுவிட்டு, மறுபக்கம் அட்வான்ஸ் வாங்கிச் சரக்கையும் ஏற்றி அனுப்பினீர்கள் என்றால் வரி தோற்று நடத்தை ஜெயிக்கும். இரண்டாம் கேள்வியின் விவசாயி விஷயத்திலும் அவர் சொன்ன விளக்கம் தோற்றது, பழைய நடத்தை ஜெயித்தது.

5. எங்க எல்லா மெயிலுக்கும் அடியில "இது உங்களுக்கானது அல்ல எனில் உடனே அழித்துவிடவும், மீறினால் சட்ட நடவடிக்கை"ன்னு எட்டு வரி வருது. அதுக்கு மதிப்பு உண்டா?

அலங்காரம். ஒருவர் ஒத்துக்கொள்ளாத நிபந்தனையை அவர் படித்து முடித்த மெயிலின் அடியில் எழுதி அவர்மேல் சுமத்த முடியாது. உள்ளடக்கம் ரகசியமானது என்று தெரியப்படுத்தினீர்கள் என்பதற்கு ஒரு சிறிய சாட்சி. அவ்வளவே அதன் பலம். "மதியம் சாப்பிடப் போகலாமா" என்ற மெயிலுக்கு அடியிலும் அதே எட்டு வரி வந்தால் அந்தச் சாட்சியும் நீர்த்துப்போகும். உண்மையிலேயே ரகசியம் என்றால் பேச்சைத் தொடங்கும் முன்பே ரகசியக் காப்பு ஒப்பந்தம் போடுங்கள், கோப்பைக் கடவுச்சொல் போட்டு அனுப்புங்கள்.

6. அவசரத்துல எல்லாரோட முகவரியையும் ஒரே மெயில்ல தெரியற மாதிரி போட்டுட்டேன். "ஸாரி"ன்னு இன்னொரு மெயில் போட்டா போதாதா?

யாருடைய முகவரி, என்ன மெயில் என்பதைப் பொறுத்தது. லண்டனில் ஒரு பாலியல் நல மருத்துவமனை 2015-இல் தன் எச்.ஐ.வி. சேவைப் பயனாளிகளுக்குச் செய்திமடல் அனுப்பியது. 781 முகவரிகள். மற்றவர்களின் முகவரியைக் காட்டாத பிசிசி பெட்டியில் போட வேண்டியதை "டு" பெட்டியில் போட்டுவிட்டார் ஒருவர். பெரும்பாலான முகவரிகளோடு முழுப் பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தது. மெயிலைத் திறந்தவர்களுக்குத் தங்கள் பெயரும் தெரிந்தது, தங்களுக்குத் தெரிந்தவர்களின் பெயரும் தெரிந்திருக்கலாம். ஒரே ஒரு பெட்டி மாறியது. மறு ஆண்டு தகவல் ஆணையர் அலுவலகம் 1,80,000 பவுண்டு அபராதம் விதித்தது. அதே நிர்வாகத்தில் 2010-இல் சிறிய அளவில் இதே தவறு நடந்திருந்தும் போதிய பாடம் கற்கவில்லை என்பதும் கணக்கில் வந்தது.

இப்படி நடந்துவிட்டால் முதல் வேலை மன்னிப்பு அல்ல, கணக்கெடுப்பு. என்ன வெளியே போனது, யாருக்குப் போனது, யாருக்கு என்ன பாதிப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்பு விதிப்படி, தனிநபர்களுக்கு ஆபத்து ஏற்பட வாய்ப்பிருந்தால் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் மேற்பார்வை அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். பிறகு பாதிக்கப்பட்டவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லுங்கள். "ரீகால்" பொத்தானை நம்பாதீர்கள். மெயில் உங்கள் நிறுவனத்தைத் தாண்டிவிட்டால் அநேகமாக அது வேலை செய்யாது. செய்யாதது மட்டுமல்ல, "அனுப்புநர் இந்த மெயிலைத் திரும்பப் பெற விரும்புகிறார்" என்ற அறிவிப்பைப் பார்த்தபின் முதல் மெயிலைத் தேடித் திறக்காதவர் யார்?

7. வாடிக்கையாளர்களை வாட்ஸ்அப் குரூப்ல சேர்த்துட்டா வேலை சுலபம். அதுல என்ன இருக்கு?

ஆறாம் கேள்வியின் தவறையே நிரந்தரமாகச் செய்கிறீர்கள். குரூப்பில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். பிராட்காஸ்ட் பட்டியலைப் பயன்படுத்துங்கள், அதற்கும் அவர்களிடம் கேட்டுவிட்டு.

8. பில் போடும்போது அவங்களே கொடுத்த நம்பர்தான். ஆஃபர் மெசேஜ் அனுப்பினா என்ன தப்பு இருக்கு?

நம்பர் கொடுத்தது பில்லுக்கு. ஆஃபருக்குக் கொடுத்தாரா என்பதுதான் கேள்வி. தகவல் பாதுகாப்புச் சட்டங்களின் முதுகெலும்பே இந்த வேறுபாடு: எதற்காக வாங்கினோமோ அதற்கு மட்டும் பயன்படுத்துவது. ஜிடிபிஆர் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. கடுமையான மீறலுக்கு 2 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 4 சதவீதம், இதில் எது அதிகமோ அதுவரை அபராதம் போகலாம். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்ச வரம்பு 250 கோடி ரூபாய்.

நாடுகள் இரண்டு வழியில் பிரிந்து நிற்கின்றன. அமெரிக்காவின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம், கேட்காமலே விளம்பர மெயில் அனுப்ப விடுகிறது. ஆனால் தலைப்பு ஏமாற்றக் கூடாது, நிறுவனத்தின் உண்மையான அஞ்சல் முகவரி இருக்க வேண்டும், "வேண்டாம்" என்றவரை 10 வேலை நாளுக்குள் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். 2014-இல் நடைமுறைக்கு வந்த கனடாவின் சட்டம் தலைகீழ்: முதலில் சம்மதம், பிறகு மெயில். யாருக்கு அனுப்புகிறீர்கள், அவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று தெரியாவிட்டால் கடுமையான வழியைப் பின்பற்றுவதே நிம்மதி.

ஒரு கிளைக்கதை. 1978 மே 3 அன்று ஒரு கணினி நிறுவனத்தின் விற்பனை ஆள், இணையத்துக்கு முன்னோடியான ஆர்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். முதல் ஸ்பேம் என்று பெயர் பெற்ற அது போய்ச் சேர்ந்ததும் திட்டுதான் வந்தது. கொஞ்சம் வியாபாரமும் வந்தது. அந்தக் கொஞ்சத்தால்தான் இன்றுவரை நிற்கவில்லை.

9. பத்தாயிரம் நம்பர் கொண்ட லிஸ்ட் ஒண்ணு விலைக்கு வருது. வாங்கலாமா?

வேண்டாம். அந்தப் பத்தாயிரம் பேரில் ஒருவர்கூட உங்களுக்குச் சம்மதம் தரவில்லை. விற்றவரிடம் "சம்மதச் சான்று எங்கே" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும்.

10. கூகுள்ல கிடைச்ச போட்டோதான். கீழ "நன்றி: கூகுள்"னு போட்டிருக்கேனே?

கூகுள் அந்தப் படத்தின் உரிமையாளர் இல்லை, வழிகாட்டிப் பலகை. படம் எடுத்தவருக்கு எடுத்த நொடியிலேயே பதிப்புரிமை வந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டும், வட்டத்துக்குள் எழுத்துப் போட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் கிடையாது. அந்த உடன்படிக்கை 1886-இல் கையெழுத்தானது, உலக நாடுகளில் பெரும்பாலானவை அதில் இருக்கின்றன. நன்றி சொல்வது மரியாதை. அனுமதி வாங்குவது வேறு.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வரும் படங்களிலும் "வணிகப் பயன்பாட்டுக்கு அல்ல" என்ற வகை இருக்கிறது. உங்கள் விளம்பரம் வணிகம்தான். உரிமப் பெயரைப் பார்த்தவுடன் இலவசம் என்று எடுத்துக்கொண்டு மாட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

11. நாங்களே நாலு நல்ல ரிவியூ போட்டுக்கிட்டா யாருக்கு நஷ்டம்? எல்லாரும் செய்யறாங்க.

அதை நம்பி வாங்கியவருக்கு நஷ்டம், நேர்மையாக நடத்தும் போட்டியாளருக்கு நஷ்டம். அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் போலி ரிவியூக்களுக்கு எதிராகத் தனி விதியே கொண்டுவந்தது. 2024 அக்டோபர் முதல் அமலில் இருக்கிறது. போலி ரிவியூவை வாங்குவதும் விற்பதும், சொந்த ஆட்கள் உறவை மறைத்து எழுதுவதும், "நல்லதாக எழுதினால் தள்ளுபடி" என்று கருத்துக்கு விலை பேசுவதும் அதில் அடங்கும். இந்திய தர நிர்ணய அமைவனமும் 2022-இல் இணைய ரிவியூக்களுக்கு ஒரு தரம் வெளியிட்டது. "எங்களைப் பற்றி எழுதுங்கள்" என்று எல்லோரிடமும் கேட்பதில் தவறே இல்லை. சந்தோஷமாகப் போனவரிடம் மட்டும் கேட்பதில்தான் சறுக்கல் ஆரம்பிக்கிறது.

மோசமான ரிவியூவுக்குப் பதில் எழுதுவதில் இன்னும் பெரிய குழி இருக்கிறது. ஒரு முறை ஒருவர் தன் பதிலைத் திருத்தக் கொண்டுவந்தார். "ஆர்டர் தாமதம்" என்று ஒரு பெண் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார். இவர் எழுதியிருந்த பதிலில் அந்தப் பெண்ணின் முழுப் பெயர், ஆர்டர் எண், அவர் வாங்கிய பொருள், கொடுத்த முகவரி வீட்டில் ஆள் இல்லாத நேரம் எல்லாம் இருந்தன. தான் சொன்னது உண்மை என்று நிரூபிக்கும் ஆத்திரம். உண்மைதான், ஆனால் அந்த விவரங்களை அவர் வாங்கியது சரக்கு அனுப்ப. எட்டாம் கேள்வி இங்கேயும் பொருந்தும். "தாமதத்துக்கு வருந்துகிறோம், உங்களுக்குத் தனியே எழுதியிருக்கிறோம்" என்று ஒரே வரியாகக் குறைத்தோம். அவருக்கு மனமே இல்லை.

12. நடந்ததைத்தான் எழுதினேன். உண்மையைச் சொன்னா அவதூறாகுமா?

உண்மை வலுவான கேடயம், ஆனால் அதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். இந்தியக் குற்றவியல் சட்டத்தில் உண்மை மட்டும் போதாது, அதைச் சொன்னது பொது நன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். குற்றவியல் அவதூறு செல்லும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. இப்போது அது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் இருக்கிறது. நடந்ததை எழுதுவதற்கும் பட்டம் சூட்டுவதற்கும் தூரம் அதிகம். "மூன்று முறை கேட்டும் பணம் வரவில்லை" என்பது நிரூபிக்கக்கூடியது. "இவன் மோசடிக்காரன்" என்பது தலைவலி.

பலர் கவனிக்காதது சிசி பெட்டி. மூன்றாம் நபருக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அவதூறு. கோபத்தில் ஒருவருக்கு மட்டும் எழுதிய மெயில் சண்டை. அதே மெயிலை அவருடைய வாடிக்கையாளர்கள் நான்கு பேருக்கு சிசி போட்டால் அது வழக்கு.

13. போன்ல பேசினதை ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கலாமா? சொல்லணுமா?

சில இடங்களில் பேசுகிறவர்களில் ஒருவருக்குத் தெரிந்தால் போதும், அந்த ஒருவர் நீங்களாகவே இருக்கலாம். கலிபோர்னியா போன்ற இடங்களில் ரகசிய உரையாடலைப் பதிவு செய்ய எல்லோருடைய சம்மதமும் வேண்டும், மீறினால் குற்றம். அழைப்பின் மறுமுனை எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஆகவே தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள், அவர் "சரி" என்றதும் பதிவில் வரட்டும். கூட்டங்களில் தானாக நுழைந்து குறிப்பெடுக்கும் செயலிகளும் பதிவுதான். அவை இருப்பதை யாரும் அறிவிப்பதில்லை என்பது எனக்குப் பிடிக்காத புதுப் பழக்கம்.

14. ஸ்கிரீன்ஷாட் இருக்கு, போதாதா?

பேச்சுவார்த்தைக்குப் போதும், நீதிமன்றத்துக்குச் சந்தேகம். இந்தியாவில் மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியாக வைக்க ஒரு சான்றிதழ் தேவை. பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அமல். சான்றிதழ் கட்டாயம் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், இடையில் எழுந்த குழப்பத்துக்குப் பிறகு 2020-இல் மீண்டும் அதையே உறுதிப்படுத்தியது. ஆகவே போனை மாற்றினாலும் பழைய போனைத் தூக்கிப் போடாதீர்கள். உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

நெறி சார்ந்த ஒன்றும் உண்டு. பத்து வரியில் உங்களுக்குச் சாதகமான இரண்டு வரியை மட்டும் வெட்டி எடுத்துப் பரப்பினால், அந்த இரண்டு வரியும் உண்மை, படம் பொய். மற்ற எட்டு வரியும் எதிராளியின் போனில் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

15. அதான் எல்லாருக்கும் சேர்த்து டெலீட் பண்ற வசதி இருக்கே. பிரச்சினைன்னா அழிச்சுடலாமே?

தகராறு வரும் என்று தெரிந்த பிறகு அழித்தால், அழித்ததே உங்களுக்கு எதிரான சாட்சியாகலாம். நல்லெண்ணத்தில் அழித்தாலும் "எதை மறைத்தார்" என்றுதான் கேட்பார்கள். சில தொழில்களில் வைத்திருக்காததே குற்றம். 2022 செப்டம்பரில் அமெரிக்கக் கட்டுப்பாட்டாளர்கள் வால் ஸ்ட்ரீட் நிதி நிறுவனங்கள் பலவற்றுக்கு மொத்தம் சுமார் 180 கோடி டாலர் அபராதம் போட்டார்கள். ஊழியர்கள் சொந்தப் போனிலும் செயலிகளிலும் வேலை பேசியது, அந்தப் பேச்சைப் பாதுகாத்து வைக்காதது, குற்றம் இவ்வளவுதான். யாரும் யாரையும் ஏமாற்றியதாகக்கூட அங்கே நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் எட்டாம் கேள்வியின் சட்டங்கள் "தேவை முடிந்தால் அழி" என்கின்றன. முரண்பாடு மாதிரித் தெரியும். தீர்வு, எதை எத்தனை ஆண்டு வைப்போம் என்பதை அமைதியான காலத்திலேயே எழுதி வைத்து, எல்லோருக்கும் ஒரே மாதிரி நடத்துவது. தகராறு வாடை அடித்தால் அந்த விவகாரத்துக்கு மட்டும் அழிப்பதை நிறுத்திவையுங்கள்.

16. கம்பெனி கொடுத்த லேப்டாப், கம்பெனி மெயில். பசங்க என்ன பேசறாங்கன்னு நான் பார்க்கக் கூடாதா?

ருமேனியாவில் ஒரு பொறியாளர். வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல நிறுவனம் கேட்டதால் யாஹூ மெசஞ்சர் கணக்குத் தொடங்கியிருந்தார். 2007 ஜூலையில் நிறுவனம் அதைக் கண்காணித்தது. "தனிப்பட்ட பயன்பாடு இல்லை" என்று அவர் சொன்னதும், 45 பக்கப் படியெடுப்பை அவர் முன் வைத்தார்கள். சகோதரரோடும் திருமணம் நிச்சயமான பெண்ணோடும் பேசியவை, அந்தரங்கமானவை உட்பட. வேலை போனது. பத்து ஆண்டு கழித்து, 2017 செப்டம்பரில், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வு 11-க்கு 6 என்ற கணக்கில் அவர் பக்கம் நின்றது.

கண்காணிக்கவே கூடாது என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. முன்கூட்டியே சொன்னீர்களா, எவ்வளவு தூரம் பார்ப்பீர்கள் என்று தெளிவாக்கினீர்களா, உள்ளடக்கத்தைப் படிக்காமல் காரியம் முடியாதா என்று கேட்டது. "தனிப்பட்ட பயன்பாட்டுக்குத் தடை" என்று எழுதி ஒட்டியிருந்ததை மட்டும் வைத்துத் தப்பிக்க முடியவில்லை. லேப்டாப் உங்களுடையது, சகோதரருக்கு எழுதிய கடிதம் உங்களுடையது அல்ல.

17. சப்ளையர்கிட்ட இருந்து "பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சு"ன்னு மெயில். பணம் போட்டேன். இப்ப அவர் "நான் அனுப்பவே இல்லை"ங்கறார். யார் தலையில விழும்?

முதலில் உங்கள் வங்கியை அழையுங்கள், இப்போதே. மீட்க முடிந்தால் அது முதல் சில மணி நேரத்தில்தான். யார் தலையில் விழும் என்பது, யாருடைய மெயில் களவு போனது, யார் கவனக்குறைவாக இருந்தார் என்பதைப் பொறுத்தது. பல நேரம் பணம் அனுப்பியவர் மீண்டும் ஒரு முறை அனுப்ப வேண்டிவருகிறது.

கூச்சப்படாதீர்கள். 2013-க்கும் 2015-க்கும் இடையில் லிதுவேனியாவைச் சேர்ந்த ஒருவர், உண்மையான ஒரு வன்பொருள் நிறுவனத்தின் பெயரில் போலி இன்வாய்ஸ் அனுப்பி, கூகுளிடமும் பேஸ்புக்கிடமும் 10 கோடி டாலருக்கு மேல் கறந்தார். 2019-இல் ஐந்து ஆண்டு சிறை. கணக்கு எண் மாறினால் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பழைய எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள். அந்த மெயிலில் இருக்கும் எண்ணில் கூப்பிட்டால் திருடனே "ஆமாம் சார்" என்பான்.

18. எங்க சாட்பாட் ஏதோ தப்பா சொல்லிடுச்சு. மெஷின் சொன்னதுக்கு நாங்களா பொறுப்பு?

நீங்கள்தான். 2022-இல் பாட்டி இறந்து அவசரமாகக் கிளம்பிய ஒரு பயணியிடம் ஏர் கனடாவின் சாட்பாட், டிக்கெட் எடுத்த 90 நாளுக்குள் துக்கச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்றது. அப்படி ஒரு விதியே இல்லை. பயணத்துக்குப் பிறகு கேட்டால் சலுகை கிடையாது. தீர்ப்பாயத்தில் நிறுவனம் வைத்த வாதத்தின் சாரம், சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்பது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்க மறுத்து இழப்பீடு தரச் சொன்னது. இணையதளத்தில் இருக்கும் எல்லாத் தகவலுக்கும், அது பக்கமாக இருந்தாலும் சாட்பாட்டாக இருந்தாலும், நிறுவனமே பொறுப்பு. இரண்டாம் கேள்வியில் விரல் விவசாயியைக் கட்டியது போல இங்கே உங்கள் மெஷின் உங்களைக் கட்டும்.

எதிரில் இருப்பது மனிதரில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். "வணக்கம், நான் பிரியா" என்று பெயரும் புகைப்படமும் வைத்து ஆரம்பிக்கும் சாட்பாட்டுகளை நான் ரசிப்பதில்லை.

19. வேற ஒரு பார்ட்டியோட கொட்டேஷன் தவறி எங்க மெயிலுக்கு வந்துடுச்சு. திறந்து பார்த்துட்டேன். எங்க விலையை இன்னும் அனுப்பல. இப்ப என்ன செய்யணும்?

இதைக் கேட்டவர் குரல் தாழ்த்திக் கேட்டார். வாங்கும் நிறுவனத்தில் ஒருவர் "ஃபார்வர்ட்" செய்யும்போது ஒரே பெயர் கொண்ட இருவரில் தவறானவரைத் தட்டிவிட்டார். அடியில் ஐந்தாம் கேள்வியின் எட்டு வரியும் இருந்தது. அது இவரைக் கட்டுப்படுத்தாது என்பது சரி. ஆனால் ரகசியம் என்று தெரிந்தே ஒரு தகவலைப் பயன்படுத்திக்கொள்வது, அடிவரி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பல நாட்டு நீதிமன்றங்களில் தனி வழக்காகும். ஒப்பந்தப்புள்ளி என்றால் தகுதியே பறிபோகலாம்.

சட்டத்தைவிட அவருக்குப் பெரிதாக இருந்தது வேறொன்று. பார்த்த எண்ணை மறக்க முடியாது. அதற்குக் கீழே விலை போட்டால் திருட்டு, மேலே போட்டால் வேண்டுமென்றே தோற்பது. மூன்று வரி எழுதினோம்: "நேற்று மாலை வந்த உங்கள் மெயில் எனக்கானது அல்ல. இணைப்பைத் திறந்துவிட்டேன், விலையும் பார்த்தேன். கோப்பை அழித்துவிட்டேன்; நான் இதில் தொடரலாமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்." இரண்டாவது வரியை எடுத்துவிடலாமா என்று இரு முறை கேட்டார். அதை எடுத்தால் மற்ற இரண்டும் எதற்கு என்றேன்.

அனுப்பினார். நான்கு நாள் கழித்து வாங்குபவர் எல்லோரிடமும் புதிதாக விலை கேட்டார். ஆர்டர் இவருக்குக் கிடைக்கவில்லை.